தட்டும் சத்தத்தைத் தேடியவர் – தாமஸ் மிட்ஜ்லி

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் துறை மாணவன்)



நமது ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது எடிசன், ஜேம்ஸ் வாட், ஹென்றி ஃபோர்டு என்று பல பெயர்கள் மனதில் வந்தன. அவர்களைப் பற்றி எத்தனையோ மலர்களில் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆகவே நான் எடுத்துக்கொண்டது தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கரை. நம்முடைய ஐ.சி. என்ஜின் பாடத்தில் நாக்கிங் என்று ஒரு தலைப்பு வருகிறது அல்லவா? பரீட்சைக்கு முந்தின நாள் இரவு படம் போட்டு, நாலு காரணம், நாலு தீர்வு என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்தத் தலைப்புக்குப் பின்னால் ஒரு முழு மனிதனின் வாழ்க்கை இருக்கிறது. அதில் பாராட்ட வேண்டியதும் உண்டு, பயப்பட வேண்டியதும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாக்கிங் என்பது என்ன?

வேறு துறை நண்பர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் போகும்போது, கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜினிலிருந்து ஒரு சத்தம் வரும். தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கும். வண்டி அடிக்குது, என்ஜின் தட்டுது என்று பட்டறையில் சொல்வார்கள். அதுதான் நாக்கிங்.

சிலிண்டருக்குள் பிளக் பொறி தட்டியதும் தீ ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் சீராகப் பரவ வேண்டும். வயலில் வைக்கோலுக்கு ஒரு ஓரத்தில் நெருப்பு வைத்தால் அது வரிசையாக எரிந்துகொண்டு போவதைப் போல. அப்படிப் பரவும்போது, இன்னும் எரியாமல் கடைசி மூலையில் மீதமிருக்கும் பெட்ரோல் காற்றுக் கலவை நசுக்கப்பட்டுச் சூடாகிக்கொண்டே போகிறது. சூடு அளவுக்கு மீறினால் தீ வந்து சேரும்வரை அது காத்திருக்காது. தானாகவே, மொத்தமும் ஒரே சமயத்தில் பற்றிக்கொள்ளும். அந்த அதிர்ச்சி அலை சிலிண்டர் சுவரில் சுத்தியல் மாதிரி அடிக்கிறது. நமக்குக் கேட்பது அந்த அடியின் சத்தமே. தொடர்ந்து அடித்தால் பிஸ்டன் தலையில் குழி விழும், ரிங் உடையும், ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

கம்ப்ரஷன் விகிதத்தைக் கூட்டினால் அதே பெட்ரோலில் அதிக சக்தி கிடைக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் கூட்டக் கூட்டத் தட்டும். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களின் கம்ப்ரஷன் விகிதம் சுமார் 4-க்கு 1 என்ற அளவிலேயே நின்றதற்கு இதுவே முக்கியமான தடை. காரணம் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதைத் தேடிப் போனவர்தான் மிட்ஜ்லி.

பிறப்பும் படிப்பும்

தாமஸ் மிட்ஜ்லி 1889-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பீவர் ஃபால்ஸ் என்ற ஊரில் பிறந்தார். தந்தையும் கண்டுபிடிப்பாளர், டயர் தொழிலில் இருந்தவர். ஒஹையோ மாநிலத்தில் வளர்ந்த மிட்ஜ்லி, 1911-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். என்ன பட்டம் தெரியுமா? மெக்கானிக்கல் என்ஜினியரிங்! பிற்காலத்தில் உலகமே அவரை வேதியியலாளர் என்று கொண்டாடியது, அமெரிக்க வேதியியல் சங்கத்துக்கே தலைவரானார். ஆனால் அவர் வேதியியலில் பட்டம் வாங்கியவர் அல்லர். தேவை வந்தபோது தானே படித்துக்கொண்டார். மெக்கானிக்கல்காரனுக்கு கெமிஸ்ட்ரி எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

1916-இல் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கெட்டரிங் சாதாரண ஆள் இல்லை. ஹேண்டில் போட்டுச் சுற்றாமல் பட்டனிலேயே காரைக் கிளப்பும் செல்ஃப் ஸ்டார்ட்டரை உருவாக்கி, 1912 கேடில்லாக் காரில் பொருத்தியவர். அந்தக் காரில் அவர் அமைத்த பேட்டரி இக்னிஷனும் இருந்தது. தட்டுவதற்குக் காரணமே இந்தப் புது இக்னிஷன்தான் என்று பலர் அவர் மேல் பழி போட்டார்கள். கிராமத்து வீடுகளுக்கு மின்சாரம் தர அவர் நிறுவனம் விற்ற சிறு ஜெனரேட்டர் என்ஜின்களும் மண்ணெண்ணெயில் ஓட்டும்போது பயங்கரமாகத் தட்டின. இது ஏன் என்று கண்டுபிடிக்கும் வேலை இருபத்தேழு வயது மிட்ஜ்லியிடம் வந்தது.

ஊகமும் சோதனையும்

அந்தக் காலத்தில் பலரும் நினைத்தது, பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்கிறது, அதனால் தட்டுகிறது என்று. மிட்ஜ்லி பேச்சை நம்பவில்லை. சிலிண்டருக்குள் நடப்பதைப் பார்க்க முடியுமா என்று யோசித்தார். உள்ளே ஏற்படும் அழுத்தத்திற்கேற்ப ஒரு சிறு கண்ணாடி அசைய, அதில் பட்ட ஒளிக்கற்றை அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும்படி ஒரு கருவி அமைத்தார். பார்த்தால், அழுத்தம் திடீரென்று எகிறுவது பொறிக்கு முன்னால் அல்ல, பொறிக்குப் பின்னால், தீ பரவிக்கொண்டிருக்கும்போதே! ஆக முன்கூட்டியே பற்றுவது வேறு நோய், நாக்கிங் வேறு நோய் என்று தெரிந்தது. அதோடு, ஒரே என்ஜினில் எரிபொருளை மாற்றினால் தட்டலும் மாறியது. குற்றம் இக்னிஷனில் மட்டும் இல்லை, எரிபொருளிலும் இருக்கிறது என்று ஆனது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பனிக்காலம் முடியும் முன்பே பூக்கும் ஒரு காட்டுச் செடி உண்டு. அதன் இலையின் பின்பக்கம் சிவப்பாக இருக்கும். சிவப்பு நிறம் வெப்பத்தை நன்றாக உறிஞ்சுவதால்தான் அது குளிரிலும் பூக்கிறது என்று மிட்ஜ்லியும் கெட்டரிங்கும் நினைத்தார்கள். அப்படியானால் மண்ணெண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் போட்டால் அது வெப்பத்தை உறிஞ்சிச் சீக்கிரம் ஆவியாகும், தட்டல் நிற்கும் என்று ஒரு ஊகம். மிட்ஜ்லி ஸ்டோருக்கு ஓடினார். சிவப்புச் சாயம் இல்லை. கைக்குக் கிடைத்தது அயோடின். அதைக் கலந்தார். என்ன ஆச்சரியம்! தட்டல் நின்றுவிட்டது!

நம்மில் பலர் இங்கேயே நிறுத்தியிருப்போம். சத்தம் நின்றுவிட்டது, வேலை முடிந்தது, வண்டியை டெலிவரி கொடு என்று. மிட்ஜ்லி நிறுத்தவில்லை. ஊரிலிருந்த சிவப்புச் சாயங்களை வாங்கி வந்து ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார். ஒன்றுகூட வேலை செய்யவில்லை. பிறகு நிறமே இல்லாத ஓர் அயோடின் சேர்மத்தைக் கலந்தார். தட்டல் நின்றது. ஆக, நிறத்துக்கும் தட்டலுக்கும் சம்பந்தமே இல்லை, வேலை செய்தது அயோடின். தன் ஊகம் பலித்த மாதிரி தெரிந்த அந்த நேரத்தில், அதைத் தானே சோதித்து, தானே தப்பென்று நிரூபித்தார் பாருங்கள், அதுதான் நோய் கண்டுபிடிக்கும் முறை!

ஈயம் வந்த கதை

அயோடின் விலை அதிகம், உலோகத்தையும் அரிக்கும். வேறு பொருள் தேடினார்கள். வருடக்கணக்கில் நூற்றுக்கணக்கான பொருள்களை ஒற்றை சிலிண்டர் என்ஜினில் கலந்து பார்த்தார்கள். 1919-இல் அனிலின் நல்ல பலன் தந்தது, ஆனால் நாற்றம். செலினியம், டெல்லூரியம் சேர்மங்கள் அதைவிடப் பலன் தந்தன, நாற்றமோ அதைவிட மோசம். டெல்லூரியத்தின் பூண்டு வாடை உடம்பை விட்டு, துணியை விட்டுப் போகவே இல்லையாம்.

பிறகு மிட்ஜ்லி தனிம அட்டவணையை முன்னால் வைத்துக்கொண்டார். எந்த வரிசையில் போனால் பலன் கூடுகிறது, எந்த வரிசையில் குறைகிறது என்று பார்த்து, கண்ணை மூடித் தேடுவதை விட்டுத் திசை பார்த்துத் தேடினார். அந்தத் திசை கனமான தனிமங்களிடம் கொண்டுபோய்க் கடைசியில் ஈயத்தில் விட்டது. 1921 டிசம்பர் 9-ஆம் நாள் டெட்ரா எத்தில் லெட் என்ற திரவத்தைச் சில துளிகள் கலந்து என்ஜினை ஓட்டினார்கள். தட்டல் அடியோடு நின்றது. சுமார் 3.8 லிட்டர் கொண்ட ஒரு அமெரிக்கக் காலனுக்கு 3 மில்லி லிட்டர் அளவே போதுமானதாக இருந்தது.

வால்விலும் பிளக்கிலும் ஈயம் படிகிற தொல்லை வந்தது. புரோமின் சேர்மம் ஒன்றைக் கூடக் கலந்து, ஈயம் என்ஜினுக்குள் தங்காமல் புகையோடு வெளியே போகும்படி செய்தார்கள். இந்த இடத்தை மறக்காதீர்கள் நண்பர்களே, திரும்பி வருவோம்.

1923 பிப்ரவரியில் டேட்டன் நகரில் விற்பனை தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் எத்தில். ஈயம் என்ற சொல் பெயரிலேயே இல்லை! அதே ஆண்டு மே 30-ஆம் நாள் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயம். இரண்டு லிட்டர் என்ஜின்தான் இருக்கலாம் என்று அந்த ஆண்டு விதி. சின்ன என்ஜினில் அதிக சக்தி வேண்டுமென்றால் கம்ப்ரஷனைக் கூட்ட வேண்டும், கூட்டினால் தட்டும். அந்தப் பந்தயத்தில் டாமி மில்டன் மணிக்குச் சுமார் 146 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஓட்டி வென்றார். முதல் மூன்று இடத்தில் வந்த கார்களும் ஓடியது எத்தில் பெட்ரோலில்! அதற்கப்புறம் விளம்பரமே தேவைப்படவில்லை.

இன்றைய வண்டியில் இந்த முறை

பந்தயக் கார் என்றதும் நம் பசங்களுக்கு ஆர்வம் வந்துவிடும். ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனைக் கூட்டுவது, டர்போ வைப்பது, கம்ப்யூட்டர் வைத்து டைமிங்கை முன்னால் தள்ளுவது என்று வண்டியை மாற்றியமைக்கிறவர்கள் நம்ம ஊரிலும் இருக்கிறார்கள். மாற்றிய வண்டி தட்ட ஆரம்பித்தால் மிட்ஜ்லி செய்த மாதிரி ஒன்றொன்றாகப் பார்க்க வேண்டும். எங்கள் லேபில் கற்றதையும் சேர்த்துச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலில், அது நாக்கிங்தானா? டேப்பட் சத்தம் ஐடிலிங்கிலேயே கேட்கும், வேகம் ஏற ஏறக் கூடும். பிஸ்டன் தளர்ந்து ஆடும் சத்தம் காலையில் குளிர்ந்த என்ஜினில் அதிகம், சூடானால் குறையும். நாக்கிங் சுமையில் வரும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் உடனே நிற்கும்.

இரண்டாவது, ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். டேங்கில் அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டு அதே ரோட்டில், அதே சுமையில் ஓட்டிப் பார். நின்றால், உன் கம்ப்ரஷனுக்கோ டர்போ அழுத்தத்துக்கோ பழைய பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். அடுத்து பழைய பெட்ரோலிலேயே டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி பின்னால் தள்ளிப் பார். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துச் செய்தால் சத்தம் நிற்கலாம், எதனால் நின்றது என்பது தெரியாது. சிவப்புச் சாயக் கதைதான்!

மூன்றாவது, சூடு. கூலன்ட் சரியாக ஓடுகிறதா, டர்போ தள்ளும் காற்று சூடாகப் போகிறதா, கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கிறதா, அறைக்குள் கரி பிடித்திருக்கிறதா, பிளக் அந்த என்ஜினுக்கு ஏற்றதா என்று வரிசையாகப் பார். ஸ்விட்சை அணைத்த பிறகும் என்ஜின் நிற்காமல் உதறினால், அறைக்குள் ஏதோ ஒன்று கனிந்து கிடக்கிறது. அது மிட்ஜ்லி பிரித்துக் காட்டிய அந்த வேறு நோயின் பக்கம் சேர்ந்தது.

நாலாவது, இப்போதைய கார்களில் நாக் சென்சார் இருக்கிறது. சிலிண்டர் பிளாக்கில் உட்கார்ந்து, பெரும்பாலும் 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸ் அளவில் வரும் அந்த அதிர்வைக் கேட்டு, கம்ப்யூட்டரிடம் சொல்லி டைமிங்கைப் பின்னால் தள்ளும். அதனால் சத்தமே கேட்காமல் வண்டி இழுவை மட்டும் குறையலாம். சில சமயம் தளர்ந்த பிராக்கெட்டின் ஆட்டத்தைக்கூட நாக்கிங் என்று நினைத்து சென்சார் ஏமாறும். அந்த பிராக்கெட்டை முறுக்குங்கள். இழுவை வேண்டும் என்பதற்காகச் சென்சாரைக் கழற்றிப் போடாதீர்கள். காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டால் திருடன் வரமாட்டான் என்று ஆகிவிடுமா?

மறுபக்கம்

இனி கஷ்டமான பகுதி. ஈயம் விஷம் என்பது புதுச் செய்தி இல்லை, பழங்காலத்திலிருந்தே தெரியும். டெட்ரா எத்தில் லெட் தோல் வழியாகவே உடம்பில் ஏறும், மூளையைத் தாக்கும். 1922-லேயே அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி இதனால் மக்களுக்குத் தீங்கு வருமா என்று கேட்டுக் கடிதம் எழுதினார். பதில் எழுதியவர் மிட்ஜ்லி. தெருவில் சேரும் ஈயம் மிகச் சொற்பமாகவே இருக்கும் என்று கருதுவதாகவும், ஆனால் அதற்கான சோதனை எதுவும் செய்யவில்லை என்றும் எழுதினார்.

நண்பர்களே, இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சாயம் சிவப்பா இல்லையா என்பதற்கே ஊரெல்லாம் சாயம் வாங்கிச் சோதித்த அதே மனிதர், மனுசங்க மூச்சில் ஈயம் போகுமா என்பதற்கு ஊகம் போதும் என்று விட்டுவிட்டார்!

ஈயம் அவரையும் விடவில்லை. 1923-இன் தொடக்கத்தில் ஈய நஞ்சால் உடம்பு கெட்டு, வேலையை விட்டு மியாமிக்குப் போய் ஓய்வெடுத்தார். 1924-இல் டேட்டனில் தொழிலாளர் இருவர் இறந்தார்கள். அந்த அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் ஐந்து பேர், கண்டபடி பிதற்றி, கட்டிப்போட வேண்டிய நிலைக்குப் போய் இறந்தார்கள். டீப்வாட்டர் என்ற இடத்திலிருந்த இன்னொரு ஆலையில், இல்லாத பூச்சிகளைக் கையால் விரட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களைப் பார்த்து அந்தக் கட்டிடத்துக்கே பட்டாம்பூச்சி மாளிகை என்று பேர் வைத்துவிட்டார்கள். அங்கேயும் பல உயிர் போயிற்று.

அக்டோபர் 30-ஆம் நாள் மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்களைக் கூட்டினார். எல்லோர் முன்பும் அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவினார். ஒரு நிமிடம் அதன் ஆவியை முகர்ந்தும் காட்டினார். தினமும் இப்படிச் செய்தாலும் ஆபத்தில்லை என்றார். தான் நோயில் படுத்து எழுந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை என்பது அவருக்குத் தெரியாததா?

எதிர்த்தவர்களும் இருந்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக நியமிக்கப்பட்ட முதல் பெண்ணான டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன், யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டல் ஹெண்டர்சன் ஆகியோர் எச்சரித்தார்கள். 1925 மே மாதம் வாஷிங்டனில் மாநாடு கூடியது, விற்பனையை நிறுத்தி வைத்தார்கள். அரசுக் குழு சில மாதங்களில் டிரைவர்களையும் பட்டறைக்காரர்களையும் சோதித்துவிட்டு, தடை செய்யப் போதிய காரணம் இல்லை, ஆனால் தொடர்ந்து ஆராய வேண்டும் என்று 1926 ஜனவரியில் சொன்னது. விற்பனை தொடர்ந்தது. சுதந்திரமான ஆராய்ச்சி மட்டும் பல காலம் தொடரவில்லை.

வேறு வழியே இல்லையா? இருந்தது. ஆல்கஹால் கலந்தாலும் தட்டாது என்பது மிட்ஜ்லிக்கே தெரியும். 1920-இல் அப்படி ஒரு கலவைக்குக் காப்புரிமையும் கேட்டிருக்கிறார். ஆனால் ஆல்கஹாலை நூற்றுக்கு இத்தனை பங்கு என்று நிறையக் கலக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். ஈயமோ துளி போதும், உரிமையும் கம்பெனி கையில். லாபம் ஈயத்தின் பக்கம் சாய்ந்தது. நம் நாட்டில் 2025-இல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது என்ற இலக்கு எட்டப்பட்டது. எத்தனால் ஆக்டேனைக் கூட்டும் என்பது நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம் என்று நினைத்தால் மனது சங்கடப்படுகிறது.

ஈயம் நம் வீட்டு வாசலுக்கும் வந்தது

எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா 1990-இல், பன்னிரண்டு வயசில், எங்க ஊரில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனவர். படிப்பு இல்லை, ஆனால் காது உண்டு. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே டைமிங் முன்னால் இருக்கு என்று சொல்லிவிடுவார். அந்த நாளில் டேங்கிலிருந்து பெட்ரோல் எடுக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சுவார்களாம். சாமான் கழுவுவதும் பெட்ரோலில், சாயங்காலம் கை கழுவுவதும் பெட்ரோலில். முதலாளியும் அப்படித்தான், பையன்களும் அப்படித்தான். அதில் ஈயம் இருக்கிறது என்று அவர்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 1995 ஏப்ரலில்; அதுவும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பொருத்திய புதுக் கார்களுக்காக. நாடு முழுவதும் ஈயம் நின்றது 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில். அதாவது மிட்ஜ்லி டேட்டனில் பத்திரமான பொருள் என்று விற்க ஆரம்பித்து எழுபத்தேழு வருஷம் கழித்து! இந்தக் கணக்கை நான் அப்பாவிடம் சொன்னபோது அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்களைப் போன்ற பசங்க படிச்சுட்டு வந்து சொன்னால்தான் உண்டு என்றார்.

கடைசி ஆண்டுகள்

மிட்ஜ்லி அத்தோடு நிற்கவில்லை. அந்நாளில் குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த வாயுக்கள் விஷமாகவோ தீப்பிடிப்பதாகவோ இருந்தன. 1928-இல் அவரும் குழுவினரும் ஃப்ரியான் வாயுவை உருவாக்கினார்கள். 1930-இல் சபை நடுவே அதை மூச்சில் இழுத்து, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து, விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்று காட்டினார். அது உண்மையே. ஆனால் அது வானத்தில் ஓசோன் படலத்தைத் தின்னும் என்பதை மொலினா, ரோலண்ட் என்ற இருவர் 1974-இல்தான் சொன்னார்கள். இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு யாருக்கும் தெரியாத விஷயம் அது. ஈயத்தின் கதை அப்படி இல்லை, எச்சரிக்கை மேசை மேலேயே இருந்தது.

விருதுகள் குவிந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள். 1941-இல் அமெரிக்க வேதியியலின் உயர்ந்த விருதான பிரீஸ்ட்லி பதக்கம். ஆனால் 1940-இலேயே இளம்பிள்ளைவாதம் தாக்கி கால்கள் செயலிழந்துவிட்டன. கட்டிலிலிருந்து தானே எழுந்து உட்காரக் கயிறும் கப்பியும் கொண்டு ஒரு அமைப்பைச் செய்துகொண்டார். 1944 நவம்பர் 2-ஆம் நாள் அந்தக் கயிறுகளே கழுத்தில் சுற்றி இறந்துகிடந்தார். வயது 55.

அவர் இறந்த பிறகுதான் கணக்கு வெளியே வந்தது. பூமியின் வயதைச் சரியாகக் கணித்த கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி, தன் சோதனைகளில் எங்கே பார்த்தாலும் ஈயம் புகுந்து கெடுப்பதைக் கண்டு, அது வண்டிப் புகையிலிருந்து காற்றிலும் கடலிலும் பனியிலும் படிந்திருப்பதை 1960-களில் எடுத்துச் சொன்னார். என்ஜினுக்குள் தங்காமல் வெளியே போகும்படி செய்தார்களே, அந்த ஈயம்தான்! அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. அமெரிக்காவில் பெட்ரோலில் ஈயம் குறைந்த 1976 முதல் 1980 வரையில் மக்கள் இரத்தத்திலிருந்த ஈயமும் சுமார் 37 சதவீதம் குறைந்தது. கடைசி நாடாக அல்ஜீரியா 2021 ஜூலையில் கார்களுக்கான ஈயப் பெட்ரோலை நிறுத்தியது.

நமக்குப் பாடம்

மருந்து என்ற அதிகாரத்தில் வள்ளுவர் நோயை ஆராய், அதன் காரணத்தை ஆராய், தணிக்கும் வழியை ஆராய் என்று சொல்வதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அதற்கு அடுத்த குறளில் நோயின் அளவோடு நோயாளியின் அளவையும் காலத்தையும் பார்த்துச் செய் என்கிறார். மிட்ஜ்லி முதல் குறளை என்ஜினுக்கு அற்புதமாகச் செய்தார். இரண்டாவது குறளை மனிதருக்குச் செய்யாமல் விட்டார். அவர் கெட்டவர் என்று எழுத நான் வரவில்லை. அவ்வளவு கெட்டிக்காரருக்கே இது நடந்தது என்றால் நமக்கு நடக்காதா என்பதே என் கவலை.

ஆகவே நண்பர்களே! நாளை நாம் பட்டறையிலோ தொழிற்சாலையிலோ நிற்கப் போகிறவர்கள். சத்தம் நின்றதோடு திருப்தி அடையாமல் ஏன் நின்றது என்று கேட்போம். அதே மூச்சில் இன்னொன்றும் கேட்போம்: நாம் போட்டது வெளியே எங்கே போகிறது, அதை யார் சுவாசிக்கிறார்கள், யார் கையில் படுகிறது? புராஜெக்ட் ரிப்போர்ட்டில் செலவுக் கணக்குக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிற நாம், இந்தக் கேள்விக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாமே. லேபில் பெட்ரோலில் கை கழுவுகிற, டியூபை வாயில் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். ஈயம் போய்விட்டது என்றாலும் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோய் தரும். ஹேண்ட் பம்ப் ஒன்றின் விலை நம் உடம்பைவிட அதிகம் இல்லை.